பரம எதிரிக் கிளப்புக்குப் போவதென்றால் எந்த வாசல் வழியாக?

2013, 2014 என்று அடுத்தடுத்த இரண்டு கோடைகளில், ஜெர்மன் கால்பந்துக் கிளப்பான போருசியா டார்ட்மண்டின் ஒரே டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து இரண்டு பேர் அதன் எதிரியான பேயர்ன் மியூனிக்குக்குப் போனார்கள். முதலில் மாரியோ கோட்சே. சிறுவனாக டார்ட்மண்ட் அகாடமியில் சேர்ந்து வளர்ந்தவர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த 3.7 கோடி யூரோ விடுவிப்புத் தொகையை பேயர்ன் முழுதாகக் கட்டியது. அடுத்தவர் ராபர்ட் லெவாண்டோவ்ஸ்கி. ஒப்பந்தம் முடிந்து போனதால் டார்ட்மண்டுக்கு ஒரு காசுகூட வரவில்லை.

கணக்குப்படி பார்த்தால் ரசிகர்கள் லெவாண்டோவ்ஸ்கி மேல்தான் கொதித்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கோட்சே போகிறார் என்ற செய்தி 2013 ஏப்ரல் 23 அன்று வெடித்தது. மறுநாள் ரியல் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. டார்ட்மண்டின் ஆண்டுகளிலேயே பெரிய இரவுக்கு முந்தைய நாள் அது. லெவாண்டோவ்ஸ்கி போகப்போவது மாதக்கணக்கில் ஊரறிந்த செய்தி. 2014 ஜனவரி 4 அன்று பேயர்னோடு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் மே வரை மஞ்சள் ஜெர்ஸியில் ஆடி, 20 கோல்களோடு அந்த சீசனின் ஜெர்மன் லீக் (புந்தஸ்லிகா) டாப் ஸ்கோரராகத்தான் போனார். அவரை ரசிகர்கள் வழியனுப்பி வைத்தார்கள். கோட்சேயை விசிலடித்து விரட்டினார்கள்.

எதிரணிக்கு மாறுவதைப் பற்றிய பேச்செல்லாம் துரோகம், விசுவாசம் என்று இரண்டு வார்த்தைகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு வீரரும் அவருடைய ஏஜென்ட்டும் உட்கார்ந்து யோசிக்கும்போது கேள்வி வேறு: எந்த வழியில் போவது, எப்போது சொல்வது? வழிகள் ஐந்துதான். ஒவ்வொன்றிலும் பணம் ஒருவர் கைக்குப் போகிறது, பழி இன்னொருவர் தலையில் விழுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம்.

விடுவிப்புத் தொகை கட்டிப் போவது

ஐந்தில் வேகமான வழி இது, ஆபத்தானதும் இதுவே. ஸ்பெயினில் இதற்குச் சட்ட அடிப்படை இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் 1006ஆம் எண் அரசாணை, ஒப்பந்தத்தை முறித்துப் போகும் வீரர் கிளப்புக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது. அந்த நஷ்டஈட்டை முன்கூட்டியே எண்ணாக எழுதி வைப்பதுதான் விடுவிப்பு விதி. சட்டத்தின் பார்வையில் பணத்தைக் கட்டுவது வாங்கும் கிளப் அல்ல, வீரர். 2017 ஆகஸ்டில் பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் செயின்ட் ஜெர்மன் போன நெய்மாருக்காக 22.2 கோடி யூரோ காசோலையை எடுத்துக்கொண்டு வழக்கறிஞர்கள் ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் அலுவலகத்துக்குப் போனது அதனால்தான். லீக் வாங்க மறுத்ததும் நேரே பார்சிலோனா கிளப்பிடமே செலுத்தினார்கள். தொகை முழுதாக வந்துவிட்டால் பழைய கிளப் "விற்க மாட்டேன்" என்று சொல்ல முடியாது. அதனால்தான் பரம எதிரியிடமிருந்து ஆளைத் தூக்க இந்த வழி மட்டுமே பல சமயம் மிஞ்சுகிறது.

லூயிஸ் ஃபிகோ 2000இல் பார்சிலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனது இப்படித்தான். தொகை 1,000 கோடி பெசெட்டா, ஏறத்தாழ 6 கோடி யூரோ. அன்றைக்கு உலக சாதனை. இதன் தொடக்கத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும், தவறு அங்கேதான் இருக்கிறது. மாட்ரிட் தலைவர் தேர்தலில் நின்ற ஃப்ளோரென்டினோ பெரேஸ், தான் ஜெயித்தால் ஃபிகோவைக் கொண்டுவருவதாகவும், முடியாவிட்டால் உறுப்பினர்களின் சீசன் டிக்கெட் செலவைத் தானே ஏற்பதாகவும் வாக்குக் கொடுத்தார். ஃபிகோவின் ஏஜென்ட் ஜோசே வெய்கா அதற்கு முன்பே பெரேஸோடு ஓர் உடன்படிக்கை போட்டிருந்தார். பெரேஸ் ஜெயிப்பார் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அவர் ஜெயித்துவிட்டார். பின்வாங்கினால் பெரிய அபராதம்.

இதற்கிடையே ஃபிகோ ஒரு பார்சிலோனா விளையாட்டு நாளிதழிடம், 24ஆம் தேதி பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் நிச்சயம் இருப்பேன், ரசிகர்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஜூலை 24 வந்தது. அவர் மாட்ரிட்டில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மாட்ரிட்டின் பழைய ஜாம்பவான் ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ, கையில் 10ஆம் எண் வெள்ளை ஜெர்ஸி.

அந்தத் தேதிதான் காயம். பார்சிலோனாவுக்கு உலகிலேயே பெரிய தொகை வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஆர்சனலிடமிருந்து மார்க் ஓவர்மார்ஸ், இமானுவேல் பெட்டி இருவரையும் வாங்கி, 2005 வரை ஒரு பெரிய கோப்பையும் இல்லாமல் கிடந்தது அந்தக் கிளப்பின் சொந்தத் தவறு. ஆனால் ரசிகர்கள் வரவு செலவு பார்ப்பதில்லை. 2000 அக்டோபர் 21 அன்று ஃபிகோ கேம்ப் நூவுக்குத் திரும்பியபோது கார்னர் எடுக்கவே போகவில்லை. பார்சிலோனா 2–0 என்று ஜெயித்தது. 2002 நவம்பர் 23 அன்று கார்னர் எடுக்கப் போனார். பாட்டில், மொபைல், கோல்ஃப் பந்து, கடைசியில் ஒரு பன்றித் தலை வந்து விழுந்தது. நடுவர் இரு அணிகளையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கால் மணி நேரம்போல ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்.

ஆட்டத்தில் ஃபிகோவுக்கு நட்டமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000இன் சிறந்த வீரருக்கான பாலோன் டி'ஓர் விருது, 2001, 2003 லீக் பட்டங்கள், 2002 சாம்பியன்ஸ் லீக். இந்த வழி தோல்வி வழி அல்ல. பெயரை விற்றுக் கோப்பை வாங்கும் வழி.

கோன்சாலோ ஹிகுவைன் 2016இல் இத்தாலியில் நேப்பொலியிலிருந்து யுவென்டஸ் போனதும் இதே வகை. 2015–16 சீசனில் 36 லீக் கோல் அடித்த கையோடு 9 கோடி யூரோவுக்குப் போனார். அடுத்த அக்டோபரிலேயே நேப்பொலிக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்துவிட்டுக் கொண்டாடாமல் நின்றார்.

இந்த வழியை எண்ணுபவர் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். முதலாவது, விதி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும். சில ஒப்பந்தங்களில் ஜூலை முதல் பாதியோடு கதவு சாத்தப்படும். இரண்டாவது, உள்நாட்டுக் கிளப்புக்கும் செல்லுமா? மிலான் நகரின் இன்டர் கிளப்பில் மவ்ரோ இகார்டிக்கு இருந்த 11 கோடி யூரோ விதி வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு மட்டும். அப்படி எழுதியிருந்தால் எதிரணிக்குப் போக அந்த விதி உதவாது. மூன்றாவது, முழுத் தொகையும் ஒரே தவணையா? இரண்டு தவணைக்கு விற்கும் கிளப்பின் சம்மதம் வேண்டுமென்றால், அங்கே அதற்கு மறுக்கும் உரிமை திரும்ப வந்துவிடுகிறது.

ஒப்பந்தம் முடியும்வரை காத்திருப்பது

1995 டிசம்பர் 15 அன்று வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கிளப் கட்டணம் கேட்க முடியாது. கடைசி ஆறு மாதங்களில் அடுத்த கிளப்போடு கையெழுத்துப் போட ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. லெவாண்டோவ்ஸ்கியின் ஜனவரி 4 கணக்கு அதுதான். இங்கிலாந்தில் மட்டும் உள்ளூர்க் கிளப்புக்கு மாறுபவருக்கு இந்த ஜனவரி வசதி கிடையாது. சீசன் முடிய வேண்டும்.

பணம் எங்கே போகிறது? கட்டணமாகப் போக வேண்டியதில் ஒரு பகுதி வீரரின் கையெழுத்துப் பணமாகவும், உயர்ந்த சம்பளமாகவும், ஏஜென்ட் கமிஷனாகவும் மாறுகிறது. அதனால்தான் ஏஜென்ட்கள் இந்த வழியைத் தள்ளுகிறார்கள். வாங்கும் கிளப்புக்கும் லாபம். 2.4 கோடிக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் ஆண்டுக்கு 60 லட்சம் கணக்கில் செலவாக ஏறும். இலவசமாக வந்தவருக்கு அந்தச் செலவே இல்லை.

வீரருக்கு ஆபத்து இரண்டு. ஒன்று முழங்கால். கடைசி ஆண்டில் தசைநார் கிழிந்தால் பேசி வைத்த தொகை ஆவியாகும். காத்திருப்பவர் தன் செலவில் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். இன்னொன்று பெஞ்ச். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காத அட்ரியன் ராபியோவை 2018 டிசம்பரிலிருந்து பாரிஸ் செயின்ட் ஜெர்மன் ஆட விடவே இல்லை. பாதி சீசனை வீட்டில் கழித்துவிட்டு 2019இல் யுவென்டஸுக்குப் போனார். டார்ட்மண்ட் லெவாண்டோவ்ஸ்கியிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. அவர் போட்ட கோல் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. உங்கள் கிளப்பில் உங்களுக்கு மாற்று ஆள் இருக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் காத்திருக்க முடியும்.

இதே வழி சால் கேம்ப்பெல்லைச் சுட்டெரித்தது ஏன்? அவர் டாட்டன்ஹாமின் கேப்டன், அங்கேயே வளர்ந்தவர். புதிய ஒப்பந்தப் பேச்சு மாதக்கணக்கில் நடந்தது. அவர் தங்கிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் ரசிகர்கள் இருந்தார்கள். 2001 ஜூலை 3 அன்று அதே வடக்கு லண்டனின் எதிரிக் கிளப்பான ஆர்சனல் செய்தியாளர்களைக் கூப்பிட்டது. வந்தவர்கள் எதிர்பார்த்தது கோல்கீப்பர் ரிச்சர்ட் ரைட்டை. கதவைத் திறந்துகொண்டு கேம்ப்பெல் வந்தார். விளையாட்டு ரீதியாக அவர் எடுத்தது அப்பழுக்கில்லாத முடிவு. முதல் சீசனிலேயே லீக், எஃப்.ஏ. கப் இரண்டும், 2003–04இல் ஒரு தோல்வியும் இல்லாத லீக் பட்டம். அந்தப் பட்டம் உறுதியானதும் டாட்டன்ஹாமின் மைதானத்திலேயே, 2–2 டிராவில். ஆனால் அவர் மேல் அங்கே இருந்த வெறுப்பு பல ஆண்டுகள் தணியவில்லை.

லெவாண்டோவ்ஸ்கியையும் கேம்ப்பெல்லையும் பக்கத்தில் வைத்தால், இருவரும் ஒரே கதவு, இருவரும் இலவசம். ஒருவர் போவது ஊருக்கு முன்பே தெரியும். மற்றவர் போனது ஊருக்குத் திடீரென்று தெரிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே எல்லாமும்.

ஸ்பெயினில் இதே கதவு சுமுகமாகவும் திறந்திருக்கிறது. லூயிஸ் என்ரிகே 1996இல் ஒப்பந்தம் முடிந்து மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா போனார். 1995 ஜனவரியில் மாட்ரிட் 5–0 என்று பார்சிலோனாவை நசுக்கிய ஆட்டத்தில் கோல் அடித்தவர் அவர். ஆனாலும் மாட்ரிட் ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதில்லை. போனபோது அங்கே பெரிய இழப்புணர்வும் இல்லை. பார்சிலோனாவில் எட்டு ஆண்டு ஆடி, கேப்டனாகி, பின்னாளில் பயிற்சியாளராக 2015இல் மூன்று கோப்பைகளையும் வென்றார். அதே 5–0இல் மாட்ரிட் பக்கம் ஆடிய மைக்கேல் லாட்ரப், ஓராண்டு முன்பு 1994 ஜனவரியில் பார்சிலோனா மாட்ரிட்டை 5–0 என்று வென்ற அணியிலும் இருந்தார். மூன்று வெளிநாட்டு வீரர்களுக்கு மேல் ஆட முடியாத காலம். 1994 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் பார்சிலோனா பயிற்சியாளர் யோகன் க்ரைஃப் லாட்ரப்பைச் சேர்க்கவில்லை, அந்தக் கோடையில் அவர் மாட்ரிட் போனார். கிளப் ஒதுக்கிய ஆள் போனால் ரசிகர்களின் கோபத்தில் பாதி கிளப் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஓராண்டு மிச்சமிருக்கும்போது விற்பனை

பழைய கிளப்புக்கு ஓரளவு நியாயம் செய்யும் வழி இது. கான்ட்ராக்ட் ஓராண்டுக்குள் சுருங்கியதும் விற்பவரின் கை தளரும்: இப்போது விற்றால் ஏதோ கிடைக்கும், அடுத்த கோடையில் ஒன்றுமே இல்லை. ராபின் வான் பெர்சி 2012 ஜூலை 4 அன்று புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிக்கை விட்டார். முந்தைய சீசனில் 30 லீக் கோல் அடித்தவர், ஆர்சனல் கேப்டன், விற்கும்போது வயது 29. மான்செஸ்டர் யுனைடெட் 2.4 கோடி பவுண்ட் வரை கொடுத்தது. அந்த வயதுக்கும் மிச்சமிருந்த ஓராண்டுக்கும் அது ஆர்சனலுக்கு மோசமான பேரம் அல்ல. வான் பெர்சி முதல் சீசனிலேயே 26 லீக் கோலோடு தன் வாழ்க்கையின் ஒரே பிரீமியர் லீக் பட்டத்தை எடுத்தார். 2013 ஏப்ரல் 28 அன்று ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் பழைய சகாக்கள் இரு வரிசையாக நின்று சாம்பியனுக்குக் கைதட்ட வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் அவர் பெனால்டியில் ஒரு கோலும் போட்டார். 1–1.

அவர் ஒளிக்கவில்லை, ஆனால் பழியைக் கிளப் மேல் போட்டார். அறிக்கையில் நிர்வாகத்தின் போக்கோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதியதுதான் ஆர்சனல் ரசிகர்களை நோகடித்தது. நன்றி சொல்லி, புதுப்பிக்கவில்லை என்று இரண்டு வரியில் நிறுத்தியிருந்தால் போதுமானது. அறிக்கை நீளும்போதெல்லாம் பகையும் நீள்கிறது.

மூன்றாவது கிளப் வழியாக

காலம்தான் இங்கே விலை. ஸ்லாடன் இப்ராகிமோவிச் இன்டரிலிருந்து 2009இல் பார்சிலோனா போய், ஒரே சீசனில் பயிற்சியாளரோடு முறிந்து, 2010 ஆகஸ்டில் கடனாக, இன்டரின் உள்ளூர் எதிரியான ஏசி மிலானுக்கு வந்தார். அடுத்த ஆண்டு மிலான் 2.4 கோடி யூரோவுக்கு அவரைச் சொந்தமாக்கிக்கொண்டது. பார்சிலோனா அவருக்காக 4.6 கோடி ரொக்கத்தோடு சாமுவேல் எட்டோவையும் கொடுத்திருந்தது. இரண்டு எதிரிகளுக்கு நடுவே பாலமாக நின்ற மூன்றாவது கிளப்தான் முழு நட்டத்தையும் சுமந்தது. 2010 நவம்பரில் இன்டருக்கும் மிலானுக்கும் நடந்த உள்ளூர் மோதலில் (டெர்பி) மிலான் 1–0 என்று ஜெயித்தது. அந்த ஒரே கோல் இப்ராகிமோவிச்சின் பெனால்டி.

எட்டோவின் பாதை இதைவிட அழகு. ரியல் மாட்ரிட்டில் இளைஞராக இடமில்லாமல் ஸ்பெயினின் நடுத்தரக் கிளப்பான மயோர்காவில் நான்கு ஆண்டு ஆடி, 2004இல் பார்சிலோனா வந்தார். பாதி உரிமை மாட்ரிட்டிடமே இருந்ததால் விற்பனைப் பணத்தில் அவர்களுக்கும் பங்கு போனது. 2006, 2009 இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிகளிலும் பார்சிலோனாவுக்குக் கோல் போட்டார். அவரைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் இடைவெளி மட்டும் எல்லாவற்றையும் ஆற்றிவிடாது. பிரேசிலின் ரொனால்டோ பார்சிலோனா, மாட்ரிட், இன்டர், மிலான் நான்கிலும் ஆடியவர். இன்டரில் முழங்கால் இரண்டு முறை உடைந்தபோதும் காத்திருந்த ரசிகர்கள், 2002 உலகக் கோப்பை முடிந்ததும் அவர் மாட்ரிட் போனதை மறக்கவில்லை. 2007 மார்ச் டெர்பியில் மிலான் ஜெர்ஸியில் அவர் இறங்கியபோது மைதானமே விசிலால் அதிர்ந்தது. அவர் கோலும் அடித்தார், இன்டர் 2–1 என்று ஜெயித்தது.

இந்த வழியிலும் கொடுத்த வாக்கு எப்படிக் குறுக்கே வரும் என்பதற்கு கிளாஸ்கோவில் நடந்தது போதும். அந்த ஊரின் பரம எதிரிகள் கத்தோலிக்கர் ஆதரவுள்ள செல்டிக்கும் புராட்டஸ்டன்ட் ஆதரவுள்ள ரேஞ்சர்ஸும். மோ ஜான்ஸ்டன் செல்டிக்கில் ஆடி, 1987இல் பிரான்ஸின் நான்ட் போனார். இரண்டு ஆண்டு இடைவெளி. நேரே ரேஞ்சர்ஸுக்கு வந்திருந்தால்கூடக் கதை வேறாக இருந்திருக்கலாம். 1989 மே மாதம் செல்டிக் ஜெர்ஸியை அணிந்து, திரும்பி வருகிறேன் என்று செய்தியாளர்கள் முன் நின்றார். ஜூலை 10 அன்று ரேஞ்சர்ஸில் கையெழுத்துப் போட்டார். கத்தோலிக்கர் என்பதால் ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் ஒரு பகுதியும் எதிர்த்தது, செல்டிக் பக்கம் மொத்தமாக எரிந்தது. அந்த நவம்பரில் செல்டிக்குக்கு எதிராகக் கடைசி நேர வெற்றிக் கோல் அடித்த பிறகுதான் புதிய பக்கம் ஏற்றுக்கொண்டது.

கிளப்பே அனுப்பி வைத்தால்

இது வீரரின் கையில் இல்லாத வழி, ஆனால் பழி ஏறாத வழி. ஆன்ட்ரியா பிர்லோவை இன்டர் 2001இல் மிலானுக்குக் கொடுத்தது, 2002இல் க்ளாரன்ஸ் சீடார்ஃபை ஃபிரான்செஸ்கோ கோகோவுக்கு மாற்றாகக் கொடுத்தது, 2004இல் ஃபாபியோ கன்னவாரோவை ஃபாபியன் கரினிக்கு மாற்றாக யுவென்டஸுக்கு அனுப்பியது. பிர்லோவும் சீடார்ஃபும் 2003, 2007 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை மிலானில் எடுத்தார்கள். கன்னவாரோ 2006இல் பாலோன் டி'ஓர் வாங்கினார். யார் மேலும் இன்டர் ரசிகர்களுக்குப் பகை இல்லை. கோபமெல்லாம் கொடுத்தவர்கள் மேல். 2011இல் மிலானும் அதே தவற்றைச் செய்தது. 32 வயது பிர்லோவை இலவசமாக விட்டது, அவர் யுவென்டஸில் நான்கு சீசன் ஆடி நான்கு லீக் பட்டமும் எடுத்தார்.

ராபர்டோ பாஜியோவை 1990இல் ஃபியோரென்டினா உலக சாதனைத் தொகைக்கு யுவென்டஸுக்கு விற்றபோது ஃப்ளோரன்ஸ் தெருக்களில் கலவரம் நடந்தது, உரிமையாளர்களுக்கு எதிராக. 1991 ஏப்ரலில் யுவென்டஸ் ஜெர்ஸியில் அந்த ஊருக்குத் திரும்பினார். பெனால்டி கிடைத்தது. எடுக்க மாட்டேன் என்றார். எடுத்த சகா தவறவிட்டார். பின்னர் மாற்று ஆட்டக்காரருக்காக வெளியேறும்போது கூட்டத்திலிருந்து வந்து விழுந்த ஃபியோரென்டினாவின் ஊதா ஸ்கார்ஃபைக் குனிந்து எடுத்துக்கொண்டார். யுவென்டஸ் ரசிகர்களுக்கு அது வலித்தது என்பதும் உண்மை.

எது யாருக்கு?

கிளப்பின் அகாடமியில் வளர்ந்தவர், கேப்டன் பட்டை கட்டியவர்: விடுவிப்புத் தொகை வழியைத் தொடாமல் இருப்பது நல்லது. கோட்சேயின் பணம் டார்ட்மண்டின் கணக்கில் ஏறத்தாழ முழு லாபம். சொந்தமாக வளர்த்த வீரருக்கு வாங்கிய விலை என்று கழிக்க ஒன்றுமில்லை. அந்தக் கோடையில் ஹென்ரிக் மிகிதாரியனையும் பியர் எமரிக் ஓபமெயாங்கையும் கொண்டுவர முடிந்தது. நல்ல கணக்கு அது. 2013 நவம்பர் 23 அன்று அதே மைதானத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 66ஆம் நிமிடம் கோல் போட்டுவிட்டுக் கைகளைத் தாழ்த்தி நின்ற கோட்சேக்கு அந்தக் கணக்கு எந்த உதவியும் செய்யவில்லை. இவர்களுக்கு ஓராண்டு மிச்ச விற்பனையே பொருந்தும். கிளப்புக்குக் காசும் போகும், சொல்ல வேண்டியதைச் சொல்லவும் நேரம் இருக்கும்.

வெளியிலிருந்து வந்து நான்கைந்து ஆண்டு ஆடிய கோலடிப்பவருக்கு லெவாண்டோவ்ஸ்கி வழி. காப்பீடு, முன்கூட்டிய அறிவிப்பு, கடைசி ஆட்டம்வரை முழு உழைப்பு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்று குறைந்தாலும் கேம்ப்பெல் கதைதான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு உடனே தலையாட்டலாம். வயது 23க்குள் இருப்பவர், இடம் கிடைக்காதவர் எட்டோபோல ஒரு நடுத்தரக் கிளப்பில் மூன்று நான்கு ஆண்டு போட்டு, பிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்.

எந்த வழியானாலும் ஏஜென்ட்டிடம் வீரர் எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு: தன் கையெழுத்தில்லாமல் எந்தக் கிளப்போடும், எந்தத் தேர்தல் வேட்பாளரோடும் அபராதம் வைத்த முன் உடன்படிக்கை போடக் கூடாது. பேச்சு நடக்கும் நாட்களில் பத்திரிகைக்குத் தேதி சொல்லி வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். திரும்பி வரும் முதல் ஆட்டத்தில் கார்னரும் பெனால்டியும் யார் எடுப்பது என்று பயிற்சியாளரோடு முந்தின நாளே பேசி முடித்திருக்க வேண்டும்.